கீழ்வீட்டு ஆசை

ஆறுச்சாமிக்கு ஆசை அதிகம் என்பது பொன்னூத்து நகரில் கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஆனால் அது இத்தனை அதிகம் என்பது, காதுக்குப் பின்னால் கருவி ஒட்டி அளந்து பார்த்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

அளந்த முதல் வாரமே, வேப்பமரத்து நிழலில் இருந்த ஒரே கார் நிறுத்தும் இடம் அவருக்குப் போயிற்று. அவரிடம் கார் கிடையாது. ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. அதை அந்த நிழலின் நட்டநடுவில் நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தில் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். கார் வைத்திருந்தவர்கள் வெயிலில் நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டார்கள். யாராலும் வாய் திறக்க முடியவில்லை. இந்த நிழலால் அதிகச் சந்தோஷம் அடையப்போகிற ஆள் ஆறுச்சாமிதான் என்று கருவி சொல்லிவிட்டது. கருவியோடு யார் சண்டைக்குப் போவது?

கருவியைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவதி நாலாவது மாடி சாருமதி. பொருளாதாரம் படித்தவள். ஊரின் மறுகோடியில் இருக்கிற பொதுநலக் கொள்கை ஆய்வகத்தில் வேலை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை; ஏன் என்று விசாரிக்காத ஆள் காலனியில் இல்லை. எல்லாரிடமும் ஒரே பதிலாக "பார்க்கலாங்க" என்று சிரிப்பாள். எதற்குமே அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆய்வகத்தில் அவள் எழுதிய கட்டுரையை வேறொருவர் பெயரில் போட்டபோதுகூட "பரவாயில்லைங்க சார்" என்றுதான் சொன்னாளாம். அந்தக் கருவித் திட்டம் மாநிலம் முழுக்கப் போனால் அதற்குத் தலைமை ஏற்க வேண்டும் என்பது மட்டும் அவள் மனதுக்குள் இருந்தது. மனதுக்குள்தான் இருந்தது. எதிர்வீட்டுக் கனகமணிக்குத் தெரியும், கீழே இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும், ஆய்வகத்து இயக்குநருக்குத்தான் தெரியாது.

கருவிக்கு ஆய்வகம் வைத்த பெயர் நீளமானது. காலனி அதை ஆசைமானி என்று சுருக்கிவிட்டது. பொட்டு அளவுதான் இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், ஒரு பொருளை நினைக்கும்போது மனசு எவ்வளவு துள்ளுகிறது என்பது சாருமதியின் டேப்லெட்டில் முள்ளாக ஏறும், இறங்கும்.

முதல் கூட்டத்தில் அவள் இதை விளக்கிய விதத்தைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

"உங்க சந்தோசத்தையும் எங்க சந்தோசத்தையும் ஒரே தராசுல வெக்க முடியாதுன்னுதாங்க இத்தனை நாளா எங்க பாடப்புத்தகத்துல இருந்துச்சு," என்றாள். "ஒருத்தர் டீயை விட காபி பிடிக்கும்னு சொல்லலாம். ஆனா அவருக்குக் காபி பிடிக்கறது, இன்னொருத்தருக்குப் பிடிக்கறதை விட எத்தனை மடங்குன்னு சொல்ல முடியாது. இப்ப சொல்ல முடியும். அப்பறம் பொதுவா இருக்கற ஒரு பொருளை, அதனால யாருக்கு சந்தோசம் அதிகமோ அவங்களுக்குக் குடுத்துட்டா, மொத்தக் காலனியோட சந்தோசமும் ஏறும். சண்டையே வராது."

ஆறுச்சாமியின் மனைவி லோகநாயகி எழுந்தாள். "அப்ப எந்தூட்டு ஆம்பளைக்கு எதும்மேல எத்தனை ஆசைன்னு ஊருக்கே தெரிஞ்சுரும்ங்களா?"

"பொதுப் பொருள் மட்டுந்தாங்க்கா."

"அப்பச் செரி. பொழைச்சுப் போகட்டும்," என்று புருஷனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அடுத்து, கருவியைச் சோதித்துக் காட்ட மைசூர்பாக்கு வந்தது. முதல் துண்டில் இருக்கும் ருசி இரண்டாவதில் கொஞ்சம் குறையும், ஐந்தாவதில் திகட்டும்; இதற்குக் குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த விதியை எல்லாருடைய முள்ளும் ஒழுங்காக நிரூபித்துக் காட்டியது. ஆறுச்சாமியின் முள் மட்டும் ஐந்தாவது துண்டுக்கும் முதல் துண்டைப் போலவே எகிறியது. ஆறாவது இருக்கிறதா என்று அவர் கேட்டபோது இன்னும் கொஞ்சம் ஏறியது. சாருமதி கருவியைத் தட்டிப் பார்த்தாள். கருவியில் கோளாறு இல்லை. அவளுடைய துறை அடித்தளமாக வைத்திருந்த விதியை, பல்லிடுக்கில் ஒட்டிய நெய்யை நாக்கால் துழாவிக்கொண்டே ஒரு மனிதர் மீறிவிட்டார், அவ்வளவுதான்.

அதன்பின் நிழல் அவருக்கு. மொட்டை மாடியில் வெயில் விழும் துணிக்கொடி அவருக்கு. காலையில் முதல் தண்ணீர் அவருக்கு. மொத்தச் சந்தோஷத்தின் கோடு வாராவாரம் ஏறியது. ஏறிய அத்தனையும் ஒரே வீட்டுச் சந்தோஷம் என்பதைக் கோடு சொல்லவில்லை. கோட்டிடம் யாரும் கேட்கவுமில்லை.

இதைச் சொல்லும்போது ஆறுச்சாமியைக் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. வாங்குவதில் எத்தனை ஆசையோ, பரிமாறுவதிலும் அவருக்கு அத்தனை ஆசை. காலனியில் எந்த விசேஷத்துக்கும் பந்தியைக் கவனிப்பவர் அவர்தான். "போதும்" என்ற சொல்லை அவர் ஒருநாளும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டதில்லை. இலையை மறைத்துக் கையை வைத்தால், விரலிடுக்கு வழியாக ரசம் ஊற்றுகிற ஆள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கீழ்வீடு காலியானது.

பொன்னூத்து நகர் வீட்டுவசதி வாரியத்துக் கட்டடம். எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே வாடகை. பால் பாக்கெட்டை ட்ரோன் கொண்டுவந்து பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டுப் போகிற காலம் வந்துவிட்டது. நாலு மாடிக்கு லிஃப்ட் மட்டும் வரவில்லை. லிஃப்ட்டுக்கென்று விட்ட குழியில் விளக்குமாறும் பிள்ளையார் சதுர்த்திப் பந்தல் கம்பும் குடியிருந்தன. தரைத்தளத்தில் இருந்த தபால் அதிகாரி மைசூரில் இருக்கும் மகளோடு போய்த் தங்கப்போவதாகச் சொன்னதும் எல்லார் கண்ணும் கனகமணி பக்கம் திரும்பியது.

கனகமணி நாலாவது மாடியில், சாருமதிக்கு எதிர்வீடு. பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். புருஷன் பாலக்காட்டுப் பக்கம் ஏதோ மில்லில் வேலை, மாதத்துக்கு ஒருதரம் தலைகாட்டுவார். இரண்டு மூட்டும் தேய்ந்து, படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவாள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று அந்தந்த வீட்டுத் துளசியைப் புகழ்வாள். துளசி மேல் அத்தனை பிரியமா என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். மூச்சு வாங்குவதற்கு ஒரு சாக்கு என்று பழையவர்களுக்குத் தெரியும். டாக்டர் படியே ஏறக் கூடாது என்று சொல்லி ஒரு வருஷமாகிறது.

இரண்டாவது மாடி ஆறுச்சாமியும் கீழ்வீட்டுக்கு மனுப் போட்டார். முற்றத்தில் முயல் வளர்க்க வேண்டுமாம்.

விதிப்படி முதல் அளவீடு நடந்தது. விதி என்றால் ஆய்வகத்து விதி. ஒரு அளவீட்டில் கேள்வியை ஒருதரம்தான் கேட்க வேண்டும். ஆய்வாளர் வற்புறுத்தக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது, முகக்குறிகூட மாறக் கூடாது. சாருமதி முகத்தைச் சுவராக்கிக்கொண்டு கேட்டாள். முயலை நினைத்ததும் ஆறுச்சாமியின் முள் மேல்கூரையைத் தொட்டது. கனகமணி, "எனக்கென்ன கண்ணு, இருக்கறதே போதும்," என்றாள். முள் அசையவே இல்லை.

வாய்தான் மரியாதைக்குச் சொல்லும், மனசு சொல்லாது என்று நம்பித்தானே கருவியே செய்தார்கள்? சாருமதி பொட்டை மாற்றி ஒட்டிப் பார்த்தாள். தன் காதில் ஒட்டிச் சரிபார்த்தாள். கருவி பிசகவில்லை. எதிர்வீட்டு அக்கா நிஜமாகவே எதையும் விரும்பவில்லை. அன்றைக்குப் படியேறும்போது கனகமணி இரண்டாவது மாடித் துளசியை ரொம்ப நேரம் புகழ்ந்துகொண்டிருந்தது சாருமதி காதில் விழுந்தது.

இயக்குநர் ரங்கபாஷ்யத்திடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். சென்னையிலிருந்து வந்தவர். எதையும் ஒரு வரைபடமாகப் பார்த்தால்தான் அவருக்குப் புரியும்.

"அந்த அம்மாவுக்கு ஆசை இல்லேன்னா, வீட்டைக் குடுக்கறது வீண்தானே?" என்றார்.

"அவங்களுக்கு இல்லாமப் பழகிருச்சுங்க சார்."

"பழகினதும் விருப்பம்தான் சாருமதி. ஒருத்தர் ஏன் விரும்பறார்னு கேக்கறது நம்ம வேலையில்லை. எவ்வளவுன்னு அளக்கறதுதான்." அவர் முகம் மலர்ந்தது. "யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரிப் படுக்கை, பஸ் ரூட், முதியோர் உதவி எல்லாத்துக்கும் இதைப் போடப்போறோம். கொஞ்சத்துல திருப்தி ஆகறவங்களுக்குக் கொஞ்சம் போதும். எவ்வளவு மிச்சம்!"

மிச்சம் யாருடைய தட்டிலிருந்து என்று சாருமதிக்குப் புரிந்தது. சொல்ல வாயெடுத்தாள். "சரிங்க சார்" என்று வந்தது. அவளும் வாய்விட்டுக் கேட்டுப் பழகாத அந்த ஊர்க்காரிதானே.

ஞாயிற்றுக்கிழமை தபால் அதிகாரிக்கு வழியனுப்பு விருந்து. சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே இறுதி அளவீடு என்று ஏற்பாடு. ரங்கபாஷ்யமும் நேரில் பார்க்க வந்திருந்தார். எல்லார் காதிலும் பொட்டு. இலை போட்டு, இடியாப்பம் மாதிரிச் சந்தகை வைத்து, இனிப்புப் போளியான ஒப்புட்டு வந்தது. தட்டு ஆறுச்சாமி கையில். பின்னாலேயே நெய்க் கிண்ணத்தோடு லோகநாயகி.

ரங்கபாஷ்யம் ஒன்று தின்றுவிட்டுப் போதும் என்றார். அவர் வளர்ந்த இடத்தில் போதும் என்றால் போதும். இங்கே அதற்கு அர்த்தம் வேறு. "முதல் தடவை வர்றீங், ஒண்ணோட எந்திரிச்சா எப்பிடீங்?" என்று ஆறுச்சாமி இன்னொன்று வைத்தார். அவர் பதறி நிஜமாகவே வேண்டாம் என்றார். அந்த 'நிஜமாகவே'க்கு இரண்டு விழுந்தது. மாநிலத்தின் எதிர்காலத்தைத் திட்டமிட வந்தவர் இலையைப் பார்த்தபடி திகைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முள் பாதாளத்துக்குப் போயிருந்தது.

சாருமதி இலை ஓரத்தில் டேப்லெட்டை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். அந்தப் பழக்கம் நல்லதில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று.

ஆறுச்சாமி கனகமணி முன்னால் வந்து நின்றார். கனகமணி கையை இலைமேல் விரித்தாள். வேண்டாம். முள் அசையவில்லை. ஆறுச்சாமி விடுவாரா, அக்கா எளைச்சுப் போய்ட்டீங் என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று மறுபடி சொன்னாள். முள் லேசாகத் துடித்தது. எனக்காக ஒண்ணே ஒண்ணு என்று மூன்றாம் தரம் குனிந்தார். கை விலகியது. முள் ஏறியது. ஆறுச்சாமியின் மைசூர்பாக்கு உயரத்தைத் தாண்டி, மேலே இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது.

சாருமதி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

அந்த அக்கா பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. யாராவது மூன்றாம் தரம் கேட்கிற வரைக்கும் அவள் ஆசை வெளியே வராது. அவளுக்கே தெரியாத ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும். அத்தனை வருஷமாக அப்படி வளர்த்து வைத்திருந்தார்கள். பந்தியில் அந்தக் கதவைத் தட்டுகிற ஆள் உண்டு. ஆய்வகம் அனுப்பிய ஆளோ ஒருதரம் கேட்டுவிட்டுக் குறித்துக்கொண்டு போகிறவள். அதுவும் சுவர் மாதிரி முகத்தோடு.

ஆனால் விதி விதிதான். அவள் இரண்டாம் தரம் கேட்டால் அளவீடே செல்லாது. இயக்குநர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எழுந்திருக்க முடியாத நிலையில்.

அவள் ஆறுச்சாமியைப் பார்த்தாள். அவர் கையில் இன்னும் ஒப்புட்டு மிச்சம் இருந்தது.

சட்டென்று எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தாள். பந்தி கலைவதற்குள் இறுதி அளவீட்டை முடித்துவிடலாம், எல்லாரும் இருந்த இடத்திலேயே இருங்கள் என்று அறிவித்தாள். ஆறுச்சாமியிடம் முதலில் கேட்டாள். முயலை நினைத்து அவர் முள் வழக்கம்போல் கூரையைத் தொட்டது. வீடு கையில் வந்துவிட்ட தெம்பில் தட்டோடு நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தார், ஏறக்குறைய விருந்து கொடுக்கிற வீட்டுக்காரர் மாதிரி.

பிறகு கனகமணியிடம் வந்தாள். "கீழ்வீடு உங்களுக்குக் கிடைச்சா எப்படி இருக்கும்?"

"போச்சாது கண்ணு. எனக்கு இருக்கற ஊடே போதும். ஆறுச்சாமியண்ணனே இருந்துக்கட்டும்."

முள் அசையவில்லை. சாருமதியும் அசையவில்லை. முடிந்தது என்று அழுத்த வேண்டிய பொத்தானை அவள் அழுத்தவில்லை. எத்தனை நேரத்துக்குள் அழுத்த வேண்டும் என்று விதியில் எழுதவில்லை. கனகமணி சொன்ன வேண்டாம், கவனிப்பார் யாருமில்லாமல் அப்படியே நடுவில் கிடந்தது.

பார்த்துக்கொண்டு நின்ற ஆறுச்சாமிக்கு உடம்பு கூசியது. தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். ஒரு பொம்பளை வேண்டாம் என்கிறாள். எதிரில் இருப்பவர்கள் சரி என்று விட்டுவிடுகிறார்கள். இது என்ன ஊர், என்ன பழக்கம்?

"ஏனுங்க்கா, அப்பிடி ஒரேயடியாச் சொல்லாதீங்," என்றார்.

லோகநாயகி பின்னாலிருந்து அவர் சட்டையை இழுத்தாள்.

"இல்லீங்ண்ணா, வேண்டாங்," என்றாள் கனகமணி. முள் துடித்தது.

லோகநாயகி இருமினாள். அது காசநோய்க்காரர்கள்கூட இருமாத இருமல். ஆனால் பரிமாறுகிற வேகம் வந்துவிட்டால் ஆறுச்சாமிக்குக் காது கேட்காது.

"நாலு மாடி ஏறி எறங்கறதை நாங்க பாத்துட்டுத்தான இருக்கறோம்? எங்கூட்டுத் துளசியை நீங்க எதுக்குப் புகழ்றீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? எனக்காக ஒரு வார்த்தை, வேணும்னு சொல்லிப்போடுங்க்கா."

கனகமணி தலை குனிந்து இலையைப் பார்த்தாள். யாரிடமோ சொல்வதுபோல், "மூட்டு நெம்ப வலிக்குதுங்ண்ணா," என்றாள். "கீழ இருந்தா நெம்ப நல்லாருக்கும்."

முள் மேலே போய் முட்டியது. முயலைத் தாண்டி, மைசூர்பாக்கைத் தாண்டி, பொன்னூத்து நகரில் அதுவரை யாருக்கும் ஏறாத உயரம். சாருமதி பொத்தானை அழுத்தினாள். முகம் விதிப்படி சுவராகவே இருந்தது.

தட்டோடு நின்ற ஆறுச்சாமிக்கு நடந்தது என்னவென்று மெதுவாகத்தான் உறைத்தது. லோகநாயகிக்கு முன்னாடியே உறைத்துவிட்டது.

"நல்லாப் பரிமாறுனீங் போங்," என்றாள். "ஒப்புட்டோட ஊட்டையும் சேத்து எலையில வெச்சுட்டீங்."

பந்தி முழுக்கச் சிரித்தது. கனகமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ரங்கபாஷ்யம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வற்புறுத்தல் கூடாது என்ற விதி இருக்கிறதே என்றார். அது ஆய்வாளருக்குத்தான் என்று சாருமதி சொன்னாள். போட்டியாளரே எதிராளிக்காக வாதாடக் கூடாது என்று எங்கும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லாததால் அது ரங்கபாஷ்யத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆறுச்சாமி வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் அவருக்காக வருத்தப்படத் தயாரானார்கள். அதற்கு அவர் அவகாசம் தரவில்லை.

"அப்ப நாலாவது மாடி ஊடு காலியாகுதுங்களா?" என்றார். "அங்கிருந்து பாத்தா மருதமலையே தெரியுமே."

முள் எகிறியது.

அடுத்த முகூர்த்தத்தில் கனகமணி கீழே குடிவந்தாள். ஆறுச்சாமி மேலே போனார். பால்கனியில் முயல், எதிரே மலை. படியேறும்போது மூச்சு வாங்கி, இப்போது அவரும் வழியில் துளசிகளைப் புகழ்கிறார் என்று கேள்வி. கார் நிழல் விஷயம் இன்னும் தீரவில்லை. எனக்கு அந்த நிழல் வேண்டாம், வேண்டாம் என்று யாரோ அவரிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், பிடுங்கி எடுப்பதற்கு அதுதான் வழி என்று.

சாருமதியின் அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம் இருந்தது. எங்கே அளந்தாலும் மூன்று தரம் கேட்க வேண்டும். வேண்டாம் என்கிறவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். செலவு மூன்று மடங்காகும் என்று முனகிவிட்டு ரங்கபாஷ்யம் கையெழுத்துப் போட்டார். அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. திட்டம் மாநிலம் முழுக்கப் போகிறது என்று செய்தி வந்த மாலை அவரே போன் செய்தார். சாருமதி பால்கனியில் நின்றிருந்தாள். சரிபார்ப்பதற்காக ஒட்டிய பொட்டு அவள் காதில் அப்படியே இருந்தது. டேப்லெட் பக்கத்தில்.

"மாநிலத் திட்டத்துக்குத் தலைமை வேணும். உங்களைப் போடலாம்னு யோசனை. விருப்பம்தானா?"

எத்தனை மாதமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்! வாய் அதுவாகத் திறந்தது.

"பரவாயில்லைங்க சார். சீனியர் யாராச்சும் இருப்பாங்க, அவங்களையே போட்டுருங்க."

"ஓ. அப்படியா? சரி, பார்க்கறேன்," என்று அவர் போனை வைத்துவிட்டார். அவர் வளர்ந்த இடத்தில் அப்படித்தான்.

சாருமதி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். டேப்லெட்டில் அவளுடைய முள் படுத்துக் கிடந்தது. கீழே, தன் வீட்டு வாசலில் புதிதாக வைத்த துளசிக்குக் கனகமணி நின்றபடியே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேலே பார்த்து, போனில் யார் கண்ணு என்று கையாட்டிக் கேட்டாள்.

சாருமதி சிரித்துவிட்டாள். உடனே அதே எண்ணைத் திரும்ப அழுத்தினாள்.

"சொல்லுங்க சாருமதி."

"சார், இன்னும் ரெண்டு தரம் கேளுங்க."